ரூபியில் நகல் எடுப்பது எப்படி?

நண்பர்களே, ரூபியில் 'பி = ஏ' என்று எழுதினால் நகல் கிடைச்சிடும்னு நினைச்சுடாதீங்க. ஆப்ஜெக்ட் ஒண்ணுதான், அதுக்கு இப்போ இரண்டு பெயர், அவ்வளவே. நிஜமான நகலுக்கு டூப் அல்லது குளோன் மெத்தடை அழைக்க வேண்டும்.

ஒரு மாணவர் ஆப்ஜெக்டில் பெயரும் மதிப்பெண் அர்ரேயும் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். அதை டூப் செய்து, நகலுக்கு வேறு பெயர் கொடுத்தால் மூலத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனால் நகலின் அர்ரேயில் 85 என்று சேர்த்துப் பாருங்க, மூல மாணவருக்கும் 85 ஏறிவிடும்! எர்ரர் எதுவும் வராது. காரணம், டூப், குளோன் இரண்டுமே மேலோட்டமாகத்தான் நகலெடுக்கும். உள்ளே இருக்கும் அர்ரே இருவருக்கும் பொது.

தீர்வு: கிளாஸுக்குள் இனிஷியலைஸ்_காப்பி மெத்தடை எழுதி, அதில் அர்ரேயையும் டூப் செய்யுங்கள்.

அப்போ டூப்புக்கும் குளோனுக்கும் என்ன வித்தியாசம்? ஃப்ரீஸ் செய்த ஆப்ஜெக்டைக் குளோன் செய்தால் நகலும் ஃப்ரீஸாகவே இருக்கும். அந்த ஆப்ஜெக்டுக்கு மட்டும் எழுதிய சிங்கிள்டன் மெத்தடும் கூடவே வரும். டூப் இரண்டையும் விட்டுவிடும்.

ரூபியில் கிளாஸும் ஓர் ஆப்ஜெக்ட்தான்; அதையும் டூப் செய்யலாம். ஆனால் இது இன்ஹெரிட்டன்ஸ் இல்லை. மூல கிளாஸில் பிறகு சேர்க்கும் மெத்தட் சப்கிளாஸுக்குக் கிடைக்கும், நகல் கிளாஸுக்குக் கிடைக்காது.

சந்தேகமா? ஐஆர்பியைத் திறந்து, இரண்டு அர்ரேக்களின் ஆப்ஜெக்ட்_ஐடியையும் பாருங்க. எண் ஒண்ணா இருந்தா, நகல் இன்னும் முழுசா பிரியலைன்னு அர்த்தம்.