கட்டணச் சலுகையும் பேருந்துப் படியும்

மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு வழங்கும் போக்குவரத்து மானியங்களைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு வகுப்பறையில் தோன்றியதன்று. எங்கள் ஊர்ப் பேருந்து நிறுத்தத்தில் தோன்றியது. பொருளியல் மாணவன் என்ற முறையில் ‘மானியம்’ என்னும் சொல்லுக்கு இலக்கணம் கூற நான் அறிவேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றிருக்கிறேன். அந்த மானியம் எங்கள் வீட்டு வாசல்வரை வந்தும் ஏன் உள்ளே நுழையவில்லை என்பதையே இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

எங்கள் ஊர் பனமலை. செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரில் சிலரே இவ்வூருக்கும் வருவர். இராசசிம்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில் இங்குள்ள குன்றின்மேல் நிற்கிறது. அங்கே எஞ்சியுள்ள சுவரோவியத்தில் உமையம்மை ஒரு காலை மடித்துச் சாய்ந்து நிற்கிறாள். அக்குன்றின் அடியிலேயே பிறந்து ஐம்பது வயதைக் கடந்துவிட்ட என் அத்தை அந்த ஓவியத்தைப் பார்த்ததில்லை. மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதத்தால் அவருக்கு வலக்கால் சூம்பிவிட்டது. வலக்கையிலும் பிடிமானம் குறைவு. தையல் வேலை செய்து பிழைக்கிறார். என் கல்லூரிச் சட்டைகள் எல்லாம் அவர் தைத்தவையே.

சலுகைகள் எவை?

நம் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுடன் செல்லும் துணையாளர் ஒருவரும் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். அதே ஆண்டில் சற்று முன்னதாகவே மகளிர் அனைவருக்கும் இச்சலுகை வந்துவிட்டது. ஆகவே அத்தையைப் போன்ற ஒரு பெண்ணுக்கு இரண்டாவது ஆணையால் கூடுதலாகக் கிடைத்தது துணைக்குச் செல்லும் ஆணின் கட்டணம் மட்டுமே. (அந்த ஆண் பெரும்பாலும் நான்தான்.) வெளியூர் அரசுப் பேருந்துகளில் நான்கில் ஒரு பங்கு கட்டணம் செலுத்தினால் போதும். இரயில்வேயில் பார்வையற்றோர், துணையின்றிச் செல்ல இயலாத கை கால் பாதிப்புடையோர், அறிவுத்திறன் குறைபாடு உடையோர் ஆகியோருக்கு இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வசதி வகுப்பிலும் 75 விழுக்காடு சலுகை உண்டு. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் உள்ளிட்ட பலருடைய சலுகைகள் நிறுத்தப்பட்டபோதும் இதனை விட்டுவைத்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

பணி செய்வோருக்கு வேறொரு வழி உண்டு. பார்வையற்ற, கை கால் ஊனமுற்ற ஊழியர்களுக்கு மத்திய அரசு 1978இலேயே ஊர்திப்படி வழங்கத் தொடங்கியது. அரசு வேலை கிடைத்தவருக்கு அது நல்ல உதவி. தையற்காரிக்கு அதனால் பயன் இல்லை. இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களையும் நம் மாநில அரசு விலையின்றி வழங்குகிறது. ஆயினும் வண்டி ஓட்டும் துணிவு எல்லோருக்கும் வந்துவிடுவதில்லை.

பட்டியல் சிறியதன்று என்பது உண்மை. அப்படியிருந்தும் சென்ற ஆண்டு முழுவதிலும் அத்தை ஒரே ஒரு முறைதான் பேருந்தில் ஏறினார். காரணம் கேட்டேன்.

“டிக்கெட் வாணாம்னு ஏத்திக்கறாங்க, சரிடா. அந்தப் படியை யாரு எறக்கி வெப்பாங்க?” என்றார்.

மறுநாள் அவருடைய தையல் டேப்பையே எடுத்துக்கொண்டு நிறுத்தத்துக்குச் சென்றேன். வண்டி நின்றதும் தரையிலிருந்து முதற்படிவரை அளந்தேன், பதினேழு அங்குலம். “என்னப்பா, பஸ்ஸுக்குச் சட்டை தைக்கப் போறியா?” என்று நடத்துநர் கேட்க, உள்ளிருந்தவர்கள் சிரித்தனர். வீட்டுக்கு வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அத்தை தம் காலை எவ்வளவு உயரம் தூக்கிவைக்க முடிகிறது என்பதையும் அளந்தேன், எட்டு அங்குலம். இடையில் உள்ள ஒன்பது அங்குலத்தைப் பிறர் தூக்கிவிட்டுத்தான் கடக்கவேண்டும். ஐம்பது வயதுப் பெண்மணியை யார் யாரோ அக்குளில் கைகொடுத்துத் தூக்குவது என்பது வெறும் உதவியாக முடிந்துவிடுவதில்லை. அதனால்தான் விழுப்புரத்துக்கு மருத்துவரைக் காணச் செல்லும்போதெல்லாம் அவர் ஆட்டோவில் போகிறார். போய்வர எழுநூறு ரூபாய். அவர் கணக்கில் அது ஆறு ரவிக்கைகளின் கூலி.

இங்கேதான் நம் பாடநூல் எனக்குத் துணைசெய்தது. விலை உயர்வாக இருப்பதால் ஒருவர் ஒரு பொருளை வாங்கவில்லை என்றால் விலையைக் குறைக்கும் மானியம் பயன்தரும். விலை பூச்சியம் ஆன பின்னும் வாங்க இயலவில்லை என்றால் தடை விலையில் இல்லை. மேலும், கட்டணமில்லாப் பயணத்துக்கான ஈட்டுத் தொகையை அரசு போக்குவரத்துக் கழகங்களுக்குச் செலுத்துகிறது. அப்பயணங்கள் பேருந்தில் ஏறியவர்களுக்குக் கொடுத்த சீட்டுகளைக் கொண்டே எண்ணப்படுகின்றன. ஏற முடியாமல் நிறுத்தத்திலிருந்து திரும்பியவருக்குச் சீட்டு இல்லை. ஆகவே கணக்கும் இல்லை.

சட்டமும் பிற நாடுகளும்

1995ஆம் ஆண்டுச் சட்டம் பேருந்துகளையும் இரயில் பெட்டிகளையும் எளிதில் அணுகத்தக்கவையாக மாற்றவேண்டும் என்றது. ஆனால் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்றும் சேர்த்துக்கொண்டது. அந்த ஒரு தொடருக்குள் இருபது ஆண்டுகள் போயின. அதற்கு மாற்றாக வந்த 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவு பேருந்து நிறுத்தங்களைப் பெயர் சொல்லியே குறிக்கிறது. சலுகைகளையும் ஊர்தி மாற்றங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பேசுகிறது. அணுகல் பற்றிய விதி வெறும் பரிந்துரையாக இருப்பது சட்டத்துக்கு முரணானது என்று 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னையில், உயர்நீதிமன்றத்தில் நடந்த நீண்ட வழக்குக்குப் பின், 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத்தொடங்கின. அவற்றின் தளம் 400 மில்லிமீட்டர் உயரம். வழக்கமான பேருந்தின் தளம் 900.

பிரிட்டனில் முன்பு அரசே மூன்று சக்கரச் சிறு வண்டிகளைக் கொடுத்துவந்தது. 1976இல் பணமாகவே நடமாட்டப்படி வழங்கினர். மறு ஆண்டு தொடங்கிய ஏற்பாட்டின்படி அப்படித்தொகையைக் கொண்டே காரை வாடகைக்குப் பெறலாம் என்றாயிற்று. பழைய வண்டிகளை 2003இல் சாலையிலிருந்தே விலக்கினர். அமெரிக்காவில் நடந்தது வேறு. 1978 ஜூலையில் டென்வர் நகரில் சக்கர நாற்காலியில் இருந்த பத்தொன்பது பேர் பேருந்துகளை மறித்து இரவெல்லாம் தெருவில் தங்கினர். அவர்கள் கேட்டது கட்டணச் சலுகை அன்று. பேருந்தில் ஏறுவதற்கான தூக்கி. 1990இல் வந்த சட்டம் புதிதாக வாங்கும் பொதுப் பேருந்துகளில் அவ்வசதியைக் கட்டாயமாக்கியது.

பணமாகக் கொடுப்பது சிறந்ததா, வண்டியை மாற்றுவது சிறந்ததா என்று என் பேராசிரியர் கேட்டார். நகரத்துக்கு இரண்டாவதே சரி என்பேன். எங்கள் ஊருக்கு என் விடை சற்று வேறு. தாழ்தளப் பேருந்தே வந்தாலும், நடைமேடை இல்லாத மண் தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் என்பது ஏறத்தாழப் பதினாறு அங்குலம். சாய்பலகை இறக்கினால் ஏறலாம். இறக்காவிட்டால் ஓரங்குல இலாபமே. மாறாக, நிறுத்தத்தில் ஒன்பது அங்குல உயரத்தில் சரிவுப் பாதையுடன் ஒரு சிமெண்டு மேடை கட்டி, வண்டியை அதை ஒட்டி நிறுத்தினால் இன்றுள்ள பேருந்தின் முதற்படியே எட்டு அங்குலமாகிவிடும். உள்ளே உள்ள படிகளைக் கம்பியைப் பற்றிக்கொண்டு அத்தை ஏறிவிடுவார். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இது போதாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் கோலூன்றி வருபவர், முதியவர், கருவுற்ற பெண் ஆகியோருக்குப் போதும்.

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அளவுகளையும் படத்தையும் சேர்த்து, கிராம சபையில் கொடுப்பதற்கு ஒரு மனு ஆயத்தம் செய்தேன். அத்தையிடம் படித்துக் காட்டினேன். மேடையின் ஓரத்தில் வலப்பக்கமாக ஒரு கைப்பிடி வரைந்திருந்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். “எனக்கு எடக்கை தானடா பிடிக்கும்” என்று சொல்லி, துணியில் குறிபோடும் சுண்ணக்கட்டியால் மறுபுறம் ஒரு கோடு இழுத்தார். மனுவைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.