படகின் பின்சுவரும் நான்கு போல்ட்டுகளும்

பொறியியலில் நேரும் பெரிய விபத்துகள் பலவும் சிறிய உறுப்புகளிலேயே தொடங்குகின்றன. தேர் எத்துணைப் பெரிதாயினும் அச்சாணி கழன்றால் நிலைகுலையும் என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். அமெரிக்க ஏரிகளில் விரைந்தோடும் 'பாஸ் படகு' என்னும் மீன்பிடிப் படகும் இவ்வுண்மைக்குச் சான்றாக விளங்குகிறது. அப்படகின் பின்புறத்தில் பொறியைத் தாங்கி நிற்கும் இணைப்புகள் ஏன் முறிகின்றன, முறிந்தால் என்ன நேரும், அதனை எங்ஙனம் தடுக்கலாம் என்பவற்றை நாம் வகுப்பறையில் கற்ற இயற்பியலின் துணைகொண்டு காண்போம்.

படகும் பொறியும் வளர்ந்த வரலாறு

பாஸ் என்பது வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் நன்னீர் மீன். அதைப் பிடிப்பதற்கென்றே 1948 ஆம் ஆண்டில் லூசியானா மாநிலத்தின் ஷ்ரீவ்போர்ட் நகரில் ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர் உருவாக்கிய 'ஸ்கீட்டர்' படகே இவ்வினத்தின் முதற்படகு என்பர். 1967 இல் ஆர்கன்சா மாநிலத்தின் பீவர் ஏரியில் ரே ஸ்காட் ஒரு மீன்பிடிப் போட்டியை நடத்தினார். அதன்பின் பாஸ் பிடித்தல் பெரும் போட்டி விளையாட்டாக வளர்ந்தது. மீன் மிகுந்த இடத்தை முதலில் அடைபவருக்கே வாய்ப்பு அதிகம். ஆகவே படகின் வேகமும் ஆண்டுக்கு ஆண்டு கூடிற்று.

படகுக்கு வெளியே மாட்டும் பொறியை ஓலே எவின்ரூட் 1909 இல் மில்வாக்கி நகரில் விற்கத் தொடங்கினார். அதன் ஆற்றல் 1.5 குதிரைத்திறன் மட்டுமே. கையால் முடுக்கும் திருகுகளே அதைப் பிடித்து நிறுத்தப் போதுமானவை. இன்றைய பாஸ் படகிலோ 250 குதிரைத்திறனும் ஏறத்தாழ 230 கிலோகிராம் நிறையும் உடைய பொறி தொங்குகிறது. பொறி இவ்வளவு வளர்ந்தும் அது படகைப் பற்றும் இடம் சிறிதாகவே இருக்கிறது.

பொறி தாங்கும் அமைப்பு

படகின் பின்புறத்தை நம் கடற்கரை மக்கள் அமரம் என்பர். பாஸ் படகின் அமரம் தட்டையான ஒரு சுவராக அமைந்திருக்கும். இப்பின்சுவரில் அலுமினியக் கலவையாலான பிடிச்சட்டம் ஒன்று, பொதுவாக நான்கு துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளால் பொருத்தப்படுகிறது. பிடிச்சட்டத்தின் மேற்பகுதியில் குறுக்காக ஒரு சாய்வுத்தண்டு செல்கிறது. அத்தண்டிலிருந்து சுழல்சட்டம் தொங்க, பொறி அதில் அமர்ந்திருக்கிறது. பொறியை மேலே சாய்க்கவும், இடம் வலமாகத் திருப்பவும் இவ்வமைப்பு உதவுகிறது. பல படகுகளில் பின்சுவருக்கும் பொறிக்கும் இடையே 'ஜாக் பிளேட்' என்னும் உயர்த்துதட்டும் உண்டு. அது பொறியைப் பின்னுக்குத் தள்ளி வைத்து, மேலும் கீழும் நகர்த்த இடமளிக்கிறது. வேகம் கூடுவதற்காகவே இதைப் பொருத்துகின்றனர்.

ஒரு சிறு கணக்கு

பொறியின் ஈர்ப்பு மையம் பின்சுவரிலிருந்து 0.4 மீட்டர் பின்னால் இருப்பதாகக் கொள்வோம். 230 கிலோகிராம் பொறியின் எடை ஏறத்தாழ 2250 நியூட்டன். எனவே அதன் திருப்புத்திறன் 900 நியூட்டன் மீட்டர். படகு அலைமேல் எகிறி விழும்போது எடை நான்கு மடங்காக உணரப்படுமாயின், இது 3600 ஆகும். பிடிச்சட்டத்தின் கீழ்ப்பகுதியைச் சுழல்மையமாகவும், மேல் போல்ட்டுகள் அதிலிருந்து 0.2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும் கொண்டால், அவ்விரு போல்ட்டுகளும் சேர்ந்து 18,000 நியூட்டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். அதாவது ஒவ்வொன்றும் 9000 நியூட்டன்.

இப்போது 0.25 மீட்டர் நீளமுள்ள உயர்த்துதட்டைச் சேர்ப்போம். நெம்புகோலின் கை 0.65 மீட்டராகிறது. ஒவ்வொரு மேல் போல்ட்டின் பங்கும் ஏறத்தாழ 14,600 நியூட்டனாக உயர்கிறது. உயர்த்துதட்டின் சொந்த எடையை இதில் நாம் சேர்க்கவில்லை. புரொப்பெல்லரின் உந்துவிசையும் பொறியின் தலையைப் பின்னோக்கியே சாய்க்க முயல்வதால், அதுவும் இத்துடன் கூடும்.

அரை அங்குல எஃகு போல்ட் இச்சுமையைத் தாங்கவல்லது. ஆனால் இரண்டில் ஒன்று தளர்ந்துவிட்டால், மற்றது 29,000 நியூட்டனுக்கு மேல் சுமக்க நேரிடும். ஆகவே போல்ட் எவ்வளவு வலியது என்பதைவிட, சுமை ஒழுங்காகப் பகிரப்படுகிறதா என்பதே முதன்மையான வினா.

மெல்ல வரும் முறிவு

நன்கு முடுக்கிய போல்ட் ஓர் இறுகிய வில்லைப் போன்றது. முடுக்கத்தால் அது முன்னரே நீண்டு, இணைப்பை அழுத்திப் பிடித்திருக்கிறது. வெளியிலிருந்து வரும் விசை ஏறி இறங்கும்போது அதன் சிறு பகுதியையே போல்ட் உணரும். முடுக்கம் தளர்ந்தால் ஒவ்வோர் அலையும் அதனை நேரடியாக இழுத்து விடும். ஒரே கம்பியைப் பன்முறை வளைத்தால் அது ஒடிவது போல, இலட்சக்கணக்கான சிறு இழுப்புகளால் போல்ட்டில் நுண்விரிசல் தோன்றி வளர்கிறது. இதனை உலோகச் சோர்வு என்பர். ஒருமுறை இழுத்தால் முறியாத எஃகும் இவ்வாறு முறிந்துபோகும்.

முடுக்கம் ஏன் தளர்கிறது? பழைய படகுகள் பலவற்றில் பின்சுவரின் உட்பகுதி ஒட்டுப்பலகை, வெளிப்பூச்சு கண்ணாடியிழை. போல்ட் துளையின் அடைப்புப்பசை கெட்டால் நீர் உட்புகும். பலகை ஊறி மெத்தென்றாகி, வாஷர் அதனுள் அமிழும். போல்ட் திருகாமலேயே தளர்ந்துவிடும். மேலும் துருப்பிடிக்காத எஃகு தன் மேற்பரப்பிலுள்ள மெல்லிய ஆக்சைடு படலத்தாலேயே காக்கப்படுகிறது. ஈரமான, காற்றில்லாத துளைக்குள் அப்படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. வெளியே பளபளக்கும் போல்ட் உள்ளே அரிக்கப்பட்டிருக்கலாம்.

திடீரென வரும் முறிவு

டெக்சாசுக்கும் லூசியானாவுக்கும் இடையே சபைன் ஆற்றின் குறுக்கே 1960களில் உருவான டொலிடோ பெண்ட் நீர்த்தேக்கம் பாஸ் மீனுக்குப் பெயர்பெற்றது. மூழ்கிய காட்டு மரங்கள் அங்கு நீருக்குள் நிற்கின்றன. அம்மரங்களே மீன்களின் புகலிடம். எனவே மீனைத் தேடிச் செல்பவர் மரத்தையும் தேடிச் செல்பவராகிறார்.

ஆட்களும் பொறியும் உட்பட 1000 கிலோகிராம் நிறையுள்ள படகு மணிக்கு 60 மைல் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3,60,000 ஜூல். ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்திலிருந்து அப்படகு விழுவதற்கு இது நிகர். வேகம் இரட்டித்தால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பதும் நாம் அறிந்ததே.

நீருக்குள் நீண்டிருக்கும் பொறியின் கால் ஒரு மரத்தில் மோதினால், கால் பின்னோக்கி எழும்ப, பொறியின் தலை முன்னோக்கிச் சாய்கிறது. சாய்வு உருளையிலுள்ள எண்ணெய் வால்வுகள் திறந்து அதிர்ச்சியை ஓரளவு உறிஞ்சுகின்றன. அடி அவ்வெல்லையைக் கடந்தால், பொறி தன் சாய்வின் முடிவை எட்டி, அங்குள்ள தடையில் மோதுகிறது. அப்போது சாய்வுத்தண்டோ சுழல்சட்டமோ போல்ட்டுகளோ முறியக்கூடும். முறிந்தபின் பொறியைத் தடுக்க ஒன்றுமில்லை. அது கவிழ்ந்து, மனிதர் அமர்ந்திருக்கும் படகுக்குள்ளேயே விழுகிறது. நிமிடத்துக்கு 3000 முறைக்கு மேல் சுழலும் புரொப்பெல்லர் அப்போதும் நிற்காமல் சுழலக்கூடும். இத்தகைய விபத்துகளில் உயிர்கள் பறிபோயுள்ளன.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஓட்டுபவரின் உடலோடு ஒரு கயிற்றால் பிணைத்த நிறுத்துவிசை இப்படகுகளில் உண்டு. அது பொருத்தப்பட்ட, 26 அடிக்குக் குறைந்த படகுகள் விரைந்தோடும்போது அதைப் பயன்படுத்த வேண்டும் என்னும் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஓட்டுபவர் நீரில் தூக்கியெறியப்பட்டால் கயிறு இழுபட்டுப் பொறி நின்றுவிடும். ஆனால் அவர் இருக்கையிலேயே இருக்க, பொறி அவரிடம் வந்து விழுந்தால் கயிறு இழுபடாது. ஓர் இடருக்குச் செய்த காப்பு மற்றோர் இடருக்குப் போதுமானதன்று.

எது முதலில் உடைய வேண்டும்?

பழைய சிறு பொறிகளில் புரொப்பெல்லருக்கு மெல்லிய ஆணி ஒன்றை வைத்தனர். புரொப்பெல்லர் கல்லில் சிக்கினால் அவ்வாணி அறுந்து பற்சக்கரங்களைக் காக்கும். பின்னர் அவ்விடத்தை நழுவும் இரப்பர் குடம் பெற்றது. மலிவான உறுப்பு உடைந்து விலையுயர்ந்த உறுப்பைக் காப்பது சிறந்த வடிவமைப்பு. ஆனால் இக்காப்பு சுழற்சிக்கே உரியது. காலின்மேல் நேராக விழும் அடியை அது தடுக்காது. அந்த அடி எங்கே சென்று முடிய வேண்டும் என்பதையும் வடிவமைப்பாளர் முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். காலின் அடிப்பகுதி உடைந்தால் பணம் போகும். சாய்வுத்தண்டு உடைந்தால் உயிர் போகும்.

இதற்கு வழிகள் இல்லாமலில்லை. இணைப்பு முறிந்தாலும் பொறி உள்ளே பாயாதவாறு அதனைப் படகுடன் பிணைக்கும் வலிய வார்கள் விற்பனைக்கு வந்துள்ளன. அளவுக்கு மீறிப் பொறி சாய்ந்தவுடன் தானே நின்றுவிடும் விசையை அமைப்பதும் அறிவியலுக்கு அரிய செயலன்று. படகுக்காரர் செய்யத்தக்கவையும் உண்டு. உற்பத்தியாளர் கூறிய அளவில் போல்ட்டுகளை முடுக்குதல், அகன்ற தட்டுகளை வாஷருக்கு அடியில் இடுதல், துளைகளின் அடைப்புப்பசையைப் புதுப்பித்தல், பொறியின் காலைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பின்சுவர் நெளிகிறதா எனப் பார்த்தல் ஆகியன அவற்றுள் சில. மரத்தில் ஒருமுறை மோதிய படகு ஓடுகிறது என்பதற்காக நலமாயிருக்கிறது என்று எண்ணாமல், சட்டங்களையும் தண்டையும் ஆராய்ந்த பின்னரே மீண்டும் விரைவாக ஓட்ட வேண்டும்.

ஓர் இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டும்போது அதனைத் தாங்கும் இணைப்பையும் மறுபடி கணக்கிட வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் பாடம். மேலும், எதுவும் உடையாது என்று நம்புவதைவிட, உடைந்தால் மனிதனுக்கு ஊறு நேராதபடி அமைப்பதே பொறியியலின் கடமை. திருப்புத்திறனும் இயக்க ஆற்றலும் தேர்வுத்தாளோடு முடிவன அல்ல. ஏதோ ஓர் ஏரியில், தம் முதுகுக்குப் பின்னால் இருக்கும் நான்கு போல்ட்டுகளை நம்பி அமர்ந்திருக்கும் மனிதரின் உயிர் அக்கணக்குகளில் அடங்கியிருக்கிறது.