ஆள் லீவில் வருமுன் அடுப்படியை இடிப்பவர்களுக்கு

கடலூர் மாவட்டத்து லால்பேட்டைத் தெருக்களில், வளைகுடாவில் ஆள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அமீரகச் சட்டப்படி ஓராண்டு வேலை பார்த்தவருக்கு 30 நாள் சம்பள விடுப்பு. சவூதியில் 21 நாள், ஐந்தாண்டு முடித்தவருக்கு 30. அந்த ஒரு மாதத்தை நம்பித்தான் கல்யாணப் பேச்சு, நிலப் பத்திரம், காது குத்து, கொடைக்கானல் பயணம் எல்லாம் காத்துக் கிடக்கின்றன. டிக்கெட் போட்ட சேதி வந்ததும் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பும்: “வர்றதுக்குள்ள அடுப்படிய மாத்திடலாமா?”

மாற்றலாம். ஆனால் பாதி வேலையில் ஆள் வந்து இறங்கினால், அவர் லீவு முழுக்கக் கொத்தனார் பின்னால் அலைவதிலேயே கரைந்துவிடும். கீழே உள்ளவை அதைத் தவிர்ப்பதற்காக.

செய்ய வேண்டியவை

டிக்கெட் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். ஆள் வருவதற்கு ஒரு மாதம் முன்பே வேலை முடிய வேண்டும் என்று நாள் குறியுங்கள். கொத்தனார் சொல்லும் நாள் கொத்தனார் வேலைக்கு மட்டும்தான். ஆசாரி, பிளம்பர், கரன்ட் வேலைக்காரர் மூவரும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கும் நாட்களை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. மேடைக்கு கான்கிரீட் பலகை போட்டால், இப்போது பெரும்பாலும் கிடைக்கும் பி.பி.சி. சிமென்ட்டுக்குப் பத்து நாளாவது தண்ணீர் விட வேண்டும். சாக்கை நனைத்துப் போட்டு வைப்பது நல்லது. ‘மேலே கிரானைட்தானே வருது’ என்று மூன்றாம் நாளே கல்லை ஏற்ற விடாதீர்கள்.

மாதம் பார்த்துத் தொடங்குங்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழையில் வீராணம் ஏரி 47.5 அடியைத் தொட்டு, வெள்ளியங்கால் ஓடை மதகைத் திறந்துவிடும் நாட்களில் மணல் வண்டியும் வராது, பூச்சும் காயாது. ரமலானும் வேண்டாம். நோன்புக் கஞ்சி பள்ளிவாசலில் கிடைத்துவிடும், ஆனால் சஹர் சாப்பாட்டை விடியுமுன் வீட்டில்தான் ஆக்கியாக வேண்டும். பிறைக் கணக்கு ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் நகர்வதால் போன வருட நினைவை நம்பாமல் காலண்டரைப் பாருங்கள்.

சமைப்பவரை நிற்க வைத்து அளவெடுங்கள். எல்லாவற்றிலும் இதுதான் முக்கியம், இதைத்தான் பெரும்பாலும் செய்வதில்லை. 1926இல் ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற கட்டடக் கலைஞர் வரைந்த சமையலறையைத்தான் இன்றைய மாடுலர் கிச்சனுக்கு முன்னோடி என்கிறார்கள். அதை வரைந்தபோது தமக்குச் சமைக்கவே தெரியாது என்று பிற்காலத்தில் அவரே சொன்னார். அவருக்காவது உலகப் புகழ் கிடைத்தது. நம் வீட்டுப் பெண்களுக்குத் தோள்வலிதான் மிஞ்சும். கையை மடக்கினால் முழங்கை நிற்கும் உயரத்துக்கு நாலைந்து அங்குலம் கீழே மேடை இருக்கட்டும். ஐந்தடி உயரப் பெண்ணுக்கு அது 32, 33 அங்குலத்தில் வரும். எல்லாருக்கும் ஒரே அளவு என்று கடைக்காரர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அதோடு, நம் சமையலில் பாதி உட்கார்ந்து செய்வது. பரங்கிப்பேட்டையிலிருந்து வரும் கடல் மீனோ வீராணத்து விராலோ, அருவாமனைக்கு எதிரே குந்தித்தான் ஆய்கிறோம். செதிள் தெறிக்கும், ரத்தம் ஓடும், வாடை நிற்கும். பளபளக்கும் மேடையில் அதற்கு இடமில்லை. கொல்லைப்புறத்தில் ஒரு தாழ்வான குழாய், சரிவான சிமென்ட் தரை, தண்ணீர் ஓட ஒரு வழி, இந்த மூன்றையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். பிரியாணித் தேக்சா எந்த சிங்க்கிலும் நுழையாது. அதைத் தேய்க்கவும் அதே இடம்தான்.

தற்காலிக அடுப்படியை முதலில் அமையுங்கள், பிறகு இடியுங்கள். கொல்லையில் விறகடுப்பு இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. இல்லையென்றால் காற்றோட்டமான வராண்டா மூலை போதும். கேஸ் அடுப்பைத் தரையில் வைத்துச் சமைக்கக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்து நிற்க, அடுப்பு அதைவிட உயரமான மேசையில் இருக்க வேண்டும். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் தேங்கும். அதனால் புது அடுப்படியில் சிலிண்டருக்குப் பெட்டி அடித்தால், கதவின் அடிப்பக்கம் காற்றுப் போக ஓட்டை வையுங்கள். ரப்பர் குழாய் ஐந்தாண்டைத் தாண்டியிருந்தால் இந்தச் சாக்கில் மாற்றிவிடலாம். வாடை வந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. அதைச் சுவரில் எழுதி வையுங்கள். இன்னொன்று: வேலையாட்களுக்குக் காலையும் மாலையும் டீ கொடுத்தாக வேண்டும். டீச் சட்டி, சீனி, தூள், தம்ளர்கள் எந்த மூட்டைக்குள்ளும் போகாமல் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

சிங்க்குக்கு அடியில் மலிவான பிளைவுட் போட விடாதீர்கள். எம்.ஆர். என்று முத்திரை இருந்தால் அது ஈரக் காற்றைத் தாங்கும், தண்ணீரைத் தாங்காது. ஐ.எஸ். 710 என்று அடித்திருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கடப்பாக் கல்லில் தடுப்பு வைத்துவிட்டால் கரையான் பேச்சே இல்லை. என்னைக் கேட்டால் அதுதான் மேல்.

ஓவனுக்கும் இன்டக்‌ஷனுக்கும் தனித் தனி லைன் இழுத்து, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட் வையுங்கள். ஈரக் கையோடு புழங்கும் இடம் என்பதால், கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.

கூலியை வேலை நகர நகரக் கொடுங்கள். கடைசித் தவணை கையில் இருக்கும்வரைதான் போனை எடுப்பார்கள்.

செய்யக்கூடாதவை

ஷார்ஜாவில் இருப்பவரிடம் வாட்ஸ்அப் வீடியோவில் டைல்ஸ் நிறம் கேட்காதீர்கள். போன் திரையில் சந்தனம் மஞ்சளாகத் தெரியும், சாம்பல் நீலமாகத் தெரியும். பணம் அனுப்புகிறவருக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. செலவையும் ரசீதையும் அன்றன்றைக்கே அனுப்பிவிடுங்கள். மிக்சி எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தினமும் அதை ஓட்டுகிறவர் சொல்லட்டும்.

‘வந்து பார்த்து அசந்துபோகட்டும்’ என்று செலவை மறைத்து வேலை செய்யாதீர்கள். மறைத்த செலவு லீவின் முதல் வாரத்திலேயே வெளியே வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள வைக்கும்.

டைல்ஸையும் கிரானைட்டையும் வீட்டுக்குள் அறுக்க விடாதீர்கள். அந்தத் தூசி அரிசி டிரம், குர்ஆன் அலமாரி, குழந்தையின் மூச்சு எல்லாவற்றிலும் ஏறும். கொல்லையில், தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள். அறுப்பவர் மூக்கில் துணி கட்டியிருக்கிறாரா என்றும் பாருங்கள், அதிகம் சுவாசிப்பது அவர்தான்.

மலிவாகக் கிடைக்கிறதே என்று வளைகுடாவிலிருந்து மிக்சி, கிரைண்டர் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சவூதி மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நம்முடையது 50. அங்குள்ள கிரைண்டர் மோட்டார் இங்கே மெதுவாகச் சுற்றும், சூடேறும். துபாய்ச் சாமானின் சதுரமுனை பிளக் இங்கே சாதாரண பிளக் பாயின்ட்டில் நுழையாது. ரிப்பேர் வந்தால் சிதம்பரத்தில் பாகம் தேடி அலைய வேண்டும்.

அம்மியையும் ஆட்டுக்கல்லையும் கப்பியோடு சேர்த்து வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். கரன்ட் போன நாளில் ஆணத்துக்கு (குழம்புக்கு) மசாலா எதில் அரைப்பீர்கள்? கொல்லைச் சுவரோரம் கிடந்துவிட்டுப் போகட்டும்.

வேலை முடிந்த மறுவாரமே விருந்து வைக்காதீர்கள். சிங்க்கடி ஒழுகுகிறதா, சிம்னி எண்ணெயை இழுக்கிறதா, டிராயர் ஓடுகிறதா என்று அன்றாடச் சமையலில் தெரியட்டும். அந்த ஒரு மாத இடைவெளி இதற்கும்தான்.

கடைசியாக, வேலையாள் கையில் சாவியைக் கொடுத்துவிட்டுக் குடும்பத்தோடு ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ கிளம்பாதீர்கள். 2024 மே மாதம் முதல் இந்த இரண்டு ஊருக்கும் போக இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. பாஸ் எடுத்து, வண்டி பேசி, பிள்ளைகளுக்கு ஆசை காட்டிய பிறகு, ‘நாளைக்கு டைல்ஸ்காரர் வர்றாரு’ என்று பயணத்தைத் தள்ளிப்போட்டால் அவர்கள் மன்னிக்க மாட்டார்கள். பிச்சாவரத்துப் படகுக்குக்கூட ஒரு முழுநாள் ஒதுக்கத்தான் வேண்டும்.

ஆள் வீட்டில் இருக்கும் அந்த ஒரு மாதம் சுத்தியல் சத்தமே கேட்க வேண்டாம். விட்டுப்போனது ஒரு கதவுக் கைப்பிடியோ, பரணுக்கு இன்னொரு கோட் பெயின்ட்டோ, எதுவானாலும் அவரை விமானம் ஏற்றிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளுங்கள்.