இயற்கை அன்னையும் பிள்ளைகளின் கடமையும்

நிலத்தைப் பூமித்தாய் என்றும், மழையை மாரி என்றும், ஆற்றைக் கங்கை என்றும் பெண் தெய்வமாகப் போற்றுவது சைவத் தமிழ் மக்களின் தொன்றுதொட்ட வழக்கமாகும். தாய் என்று அழைக்கும்போது அதில் இரண்டு கருத்துகள் அடங்கியுள்ளன. ஒன்று, அவள் தருகிறாள் என்பது. மற்றையது, அவளுக்குப் பிள்ளைகள் செய்ய வேண்டியது உண்டு என்பது. முதலாவதை யாவரும் அறிவர். இரண்டாவதே மறக்கப்படுகின்றது.

இதனை விளங்கிக்கொள்ள வற்றாப்பளைக் கண்ணகை அம்மனின் வரலாறு ஒன்றே போதும். மதுரையை எரித்த சினத்துடன் ஈழம் வந்த கண்ணகி தங்கிய பத்தாவது இடம் ஆதலால் ‘பத்தாப்பளை’ என்ற பெயர் உண்டாகி, வற்றாப்பளை என மருவிற்று என்பது செவிவழி மரபு. நந்திக்கடற் கரையில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் மூதாட்டி ஒருவர் வந்து, தமக்குப் பசிக்கிறது என்றார். சிறுவர்கள் பொங்கிக் கொடுத்தனர். பொழுது பட்டதும் விளக்கேற்ற எண்ணெய் இல்லையென்று கலங்கினர். கடல்நீரை விட்டு எரிக்குமாறு மூதாட்டி கூற, விளக்கு எரிந்தது என்பர்.

இன்றும் வைகாசிப் பொங்கலுக்கு முன்னர் சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் கடல்நீர் எடுக்கப்பட்டு, முள்ளியவளை காட்டா விநாயகர் ஆலயத்தில் உப்புநீர் விளக்கு ஏற்றப்படுகின்றது.

இவ்வரலாற்றில் ஓர் உண்மை உண்டு. இங்கே முதலில் கேட்டவள் தாய், கொடுத்தவர்கள் பிள்ளைகள். அதன் பின்னரே அற்புதம் நிகழ்ந்தது. வெம்மை மிகுந்த வைகாசியில் பொங்கலிட்டு அன்னையைக் குளிரச் செய்வதன் தாற்பரியமும் இதுவேயாகும்.

தாய் சினப்பதும் உண்டு. வயலுக்கு உயிர் தரும் அதே மழை, 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது. ஆயினும் வன்னி மக்கள் அவளை விட்டு நீங்கவில்லை. 2009 மே மாதத்தில் நந்திக்கடலோரம் உறவுகளை இழந்தவர்கள், மீளக்குடியமர்ந்த பின்னர் அதே கரைக்கு வந்து வளந்து வைத்துப் பொங்கினர். அழுவதற்கும் அவர்களுக்கு அன்னையின் சந்நிதியே இருந்தது.

ஆகவே, பொங்கலுக்கு வரும் அடியார்கள் பொலித்தீன் பைகளைக் கரையில் விட்டுச் செல்லலாகாது. கனகராயன் ஆற்றோரக் காடுகளை அழித்துவிட்டு, இரணைமடுவில் கனகாம்பிகை அம்மனிடம் நீர் வேண்டி நிற்பதில் பயனில்லை. குளக்கட்டில் ஒரு மரம் நாட்டுவதும் அம்மனுக்குச் செய்யும் அர்ச்சனையே.

பசித்து வந்த தாய்க்கு அன்று சிறுவர்கள் கொடுத்தனர். இன்று கொடுக்க வேண்டியவர்கள் நாமே.

அன்னையின் திருவருள் யாவர்க்கும் கிட்டுவதாக.