சொல்லின் தலையையும் பாருங்க, வாலையும் பாருங்க: அரசுச் சேவைக் குறுஞ்செய்திகள் வழியாக ஆங்கிலம் பழகுவோம்

சான்றிதழுக்கு விண்ணப்பம் போட்டாச்சு. இனி செல்போனில் குறுஞ்செய்தி வரும், அல்லது நாமே இணையதளத்தில் விண்ணப்பத்தின் நிலையைப் பார்ப்போம். அங்கே இருப்பது பெரும்பாலும் நாலைந்து ஆங்கிலச் சொற்கள்தான். அதில் ஒன்றை மாற்றிப் புரிந்துகொண்டாலும் நாள் போகும், சில நேரம் கிடைக்க வேண்டிய உதவியே போய்விடும்.

ஒரு உதாரணம் பாருங்க. "டாக்குமென்ட் இல்லெஜிபிள்" என்று ஒரு குறிப்பு வருகிறது. "எலிஜிபிள்" என்றால் தகுதி என்று நமக்குத் தெரியும். அதனால், "நமக்குத் தகுதி இல்லையாம்" என்று நினைத்து ஒருவர் அதோடு விட்டுவிடலாம். ஆனால் அந்தக் குறிப்பு சொல்வது வேறு. நீங்க ஏற்றிய ஆவணம் படிக்கிற மாதிரி இல்லை என்பதுதான் அதன் பொருள். நல்ல வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து ஏற்றினால் போதும். "தகுதி இல்லை" என்பதற்கு உரிய சொல் "இன்எலிஜிபிள்". எழுத்தைக் கவனிச்சாலே வேறுபாடு தெரிந்துவிடும். முதல் சொல்லில் ஐ-க்குப் பிறகு இரண்டு எல் வரும். இரண்டாவது சொல்லில் ஐ, என், இ என்று வரும்.

இந்தக் குழப்பம் தீர ஆங்கில இலக்கணப் புத்தகம் முழுவதையும் படிக்கத் தேவையில்லை. சொற்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்று தெரிந்தால் போதும்.

தமிழில் "இல்லை" பின்னால், ஆங்கிலத்தில் முன்னால்

செல்லும் – செல்லாது, கிடைத்த – கிடைக்காத, தகுதியுள்ள – தகுதியற்ற. தமிழில் மறுப்பு பெரும்பாலும் வேர்ச்சொல்லுக்குப் பின்னால்தான் வரும். அதனால் நம் கண் சொல்லின் கடைசியைத் தேடியே பழகிவிட்டது. ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் சொல்லின் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். வேகமாகப் படிக்கும்போது அதைத்தான் தவற விடுகிறோம்.

• இன்: வேலிட் (செல்லும்) – இன்வேலிட் (செல்லாது), கம்ப்ளீட் (முழுமையான) – இன்கம்ப்ளீட் (முழுமையடையாத)
• அன்: பெய்ட் (செலுத்தப்பட்ட) – அன்பெய்ட் (செலுத்தப்படாத)
• டிஸ்: கனெக்ட் (இணை) – டிஸ்கனெக்ட் (இணைப்பைத் துண்டி)
• மிஸ்: மேட்ச் (பொருந்துதல்) – மிஸ்மேட்ச் (பொருந்தாமை)
• நான்: ரீஃபண்டபிள் (திருப்பித் தரக்கூடிய) – நான்-ரீஃபண்டபிள் (திருப்பித் தரப்படாத)

"நேம் மிஸ்மேட்ச்" என்பது நம் ஊரில் அடிக்கடி பார்க்கிற குறிப்பு. ஒரு ஆவணத்தில் இனிஷியல் பெயருக்கு முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். இதைப் பார்த்ததும் பயப்பட வேண்டாம். எந்த இரண்டு ஆவணங்கள் ஒத்துப்போகவில்லை என்று கேட்டு, தவறாக இருப்பதைத் திருத்துங்க.

"இன்" என்ற முன்னொட்டு ஏன் சில இடத்தில் "இல்" ஆகிறது? நம் புணர்ச்சி மாதிரிதான். மரம் என்பதோடு கள் சேர்ந்தால் மரங்கள். க வந்ததும் ம் என்பது ங் ஆகிவிட்டது. அதே மாதிரி, எல் எழுத்துக்கு முன்னால் "இன்" என்பது "இல்" ஆகும்: இல்லீகல், இல்லெஜிபிள். ஆர் எழுத்துக்கு முன்னால் "இர்" ஆகும்: இர்ரெகுலர். பி, எம் எழுத்துகளுக்கு முன்னால் "இம்" ஆகும்: இம்ப்ராப்பர். நாக்குக்குச் சுலபமாக இருக்க வேண்டும் என்பதுதான் இரண்டு மொழியிலும் காரணம்.

ஒரு எச்சரிக்கை. "இன்" என்று தொடங்கும் எல்லாச் சொல்லும் மறுப்பு ஆகாது. "இன்கம்" என்பதில் "இன்" என்றால் உள்ளே, "கம்" என்றால் வா. உள்ளே வருவது வருமானம். தமிழிலும் "வரு" என்ற வேரிலிருந்துதான் வருமானம் என்ற சொல் வந்தது. ஆகவே முன்னொட்டை எடுத்துவிட்டு, மிச்சம் இருப்பது நேர் எதிரான பொருள் தருகிறதா என்று பாருங்க. தந்தால் அது மறுப்பு.

"ரீ" வந்தால் மறுபடியும்

ரீஅப்லோட் என்றால் மறுபடி ஏற்று, ரீசப்மிட் என்றால் மறுபடி சமர்ப்பி. பாஸ்போர்ட் காலாவதியாகிப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கு இந்த "ரீ" முக்கியம். பாஸ்போர்ட் சேவா இணையதளத்தில் "ஃப்ரெஷ்", "ரீ-இஷ்யூ" என்று இரண்டு வகை இருக்கும். முதல் முறை எடுப்பவருக்கு ஃப்ரெஷ். ஏற்கெனவே பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ரீ-இஷ்யூ. புதுப் புத்தகம்தானே கேட்கிறோம் என்று ஃப்ரெஷ் அழுத்தினால் அது தவறான விண்ணப்பம்.

இரண்டு சொற்களை மட்டும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீங்க. "ரிடர்ன்ட்" என்றால் திருப்பி அனுப்பப்பட்டது. அதைப் பெரும்பாலும் சரிசெய்து அனுப்பலாம். "ரிஜெக்டட்" என்றால் நிராகரிக்கப்பட்டது. இரண்டிலும் பக்கத்தில் "ரிமார்க்ஸ்" என்ற இடத்தில் காரணம் இருக்கிறதா என்று பாருங்க. அதைப் படிக்காமல் அதே ஆவணங்களோடு மறுபடி விண்ணப்பித்தால் அதே பதில்தான் வரும்.

வால் சொல்லும் சேதி

தமிழில் படி என்ற வேரிலிருந்து படிப்பு, படித்த, படித்தவர் என்று சொற்கள் கிளைக்கின்றன. ஆங்கிலத்திலும் ஒரே வேருக்கு வால் மாறும்.

• அப்ளை (விண்ணப்பி) – அப்ளிகேஷன் (விண்ணப்பம்) – அப்ளிகன்ட் (விண்ணப்பதாரர்)
• வெரிஃபை (சரிபார்) – வெரிஃபிகேஷன் (சரிபார்ப்பு) – வெரிஃபைட் (சரிபார்க்கப்பட்ட)
• வேலிட் (செல்லும்) – வேலிடிட்டி (செல்லுபடியாகும் காலம்)
• எலிஜிபிள் (தகுதியுள்ள) – எலிஜிபிலிட்டி (தகுதி)

"அர்", "ஈ" என்ற இரண்டு வால்களும் படிவங்களில் அதிகம் வரும். "அர்" என்றால் செய்பவர், "ஈ" என்றால் பெறுபவர். பேயர் பணம் கொடுப்பவர், பேயீ பணம் பெறுபவர். எம்ப்ளாயர் வேலை கொடுப்பவர், எம்ப்ளாயீ வேலையில் இருப்பவர். பைக் விற்கும்போது நிரப்பும் படிவத்தில் டிரான்ஸ்ஃபரர் என்றால் கொடுப்பவர், டிரான்ஸ்ஃபரீ என்றால் வாங்குபவர். கட்டம் மாறிப் பெயர் எழுதினால் வேலை இரட்டிப்பாகும்.

முடிந்ததா, நடக்கிறதா, இனிமேல்தானா?

தமிழில் காலம் வினைச்சொல்லுக்குள்ளேயே இருக்கும்: சரிபார்த்தார், சரிபார்க்கிறார், சரிபார்ப்பார். ஆங்கிலத்தில் அதையும் முன்னால் நிற்கும் சின்னச் சொற்கள்தான் சொல்கின்றன.

• ஹேஸ் பீன் வெரிஃபைட்: சரிபார்க்கப்பட்டுவிட்டது. முடிந்தது.
• இஸ் பீயிங் வெரிஃபைட்: சரிபார்க்கப்பட்டு வருகிறது. காத்திருக்கணும்.
• வில் பி வெரிஃபைட்: இனிமேல்தான் சரிபார்க்கப்படும்.

மூன்றிலும் "வெரிஃபைட்" இருக்கிறது. அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு லீவு போட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினால் ஒரு நாள் கூலி வீண்.

"பை" என்ற சின்னச் சொல்லுக்கும் இரண்டு வேலை உண்டு. "வெரிஃபைட் பை வி.ஏ.ஓ." என்றால் கிராம நிர்வாக அலுவலரால் சரிபார்க்கப்பட்டது. "சப்மிட் பை 15 ஜூன்" என்றால் ஜூன் 15-க்குள் சமர்ப்பிக்கணும். ஜூன் 15-க்குப் பிறகு என்று படித்துவிடாதீங்க.

தினமும் பத்து நிமிஷம்

1. செல்போனில் இருக்கும் பழைய குறுஞ்செய்தி ஒன்றை எடுங்க. நீளமான சொல்லைத் தலை, உடல், வால் என்று மூன்றாகப் பிரித்து நோட்டில் எழுதுங்க.
2. இணையதளத்தில் தமிழ், ஆங்கிலம் இரண்டும் இருந்தால், ஒரே பக்கத்தை இரண்டிலும் திறந்து ஒப்பிட்டுப் பாருங்க.
3. புதுச் சொல்லைச் செல்போன் அகராதியில் ஒலிக்கவிட்டுக் கேட்டு, நீங்களும் சத்தமாகச் சொல்லுங்க.
4. மொழிபெயர்ப்புச் செயலியைப் பயன்படுத்தலாம். ஆனால் ஆதார் எண், ஓ.டி.பி., வங்கி விவரம் இருக்கும் செய்தியை அப்படியே ஒட்டாதீங்க. தெரியாத சொல்லை மட்டும் போடுங்க.

பயிற்சி: பொருள் சொல்லுங்க

1. அப்ளிகேஷன் ரிடர்ன்ட். ரீஅப்லோட் ரெசிடென்ஸ் ப்ரூஃப் பை 20 ஜூலை.
2. எலிஜிபிலிட்டி இஸ் பீயிங் வெரிஃபைட்.
3. இன்கம்ப்ளீட் அப்ளிகேஷன்ஸ் வில் நாட் பி ப்ராசஸ்ட்.
4. பேமென்ட் அன்சக்சஸ்ஃபுல். அமவுண்ட் வில் பி ரீஃபண்டட்.

விடைகள்

1. விண்ணப்பம் திருப்பி அனுப்பப்பட்டது. வசிப்பிடச் சான்றை ஜூலை 20-க்குள் மறுபடி ஏற்றுங்க.
2. தகுதி சரிபார்க்கப்பட்டு வருகிறது. முடிவு இன்னும் வரவில்லை.
3. முழுமையடையாத விண்ணப்பங்கள் பரிசீலிக்கப்படாது. எல்லாக் கட்டத்தையும் நிரப்பணும்.
4. பணம் செலுத்துவது நிறைவேறவில்லை. தொகை திருப்பித் தரப்படும்; இன்னும் தரப்படவில்லை.

நாலில் மூன்று சரியாக வந்தால் நல்ல தேர்ச்சி. அதற்குப் பிறகும் ஒரு குறிப்பு புரியவில்லை என்றால், இ-சேவை மையத்தில் காட்டி, "இதுக்கு என்ன அர்த்தம், நான் அடுத்து என்ன செய்யணும்?" என்று தயங்காமல் கேளுங்க. விண்ணப்பம் உங்களுடையது, அதற்கு வந்த பதிலைப் புரிந்துகொள்வது உங்க உரிமை.