டாமும் ஜெர்ரியும் மூன்று வயசுப் பிள்ளையும்

"கார்ட்டூன்தானே டாக்டர், பார்த்தா என்ன?" என்கிறீர்கள். 1940-ல் பிறந்து, 2014-ல் புதுசாக எடுக்கப்பட்ட தொடரிலும் டாமுக்கு அடி, உதை உண்டு. அடிபட்டுத் தட்டையான பூனை மறுநொடியே எழுந்து ஓடும், ரத்தமில்லை, வலியில்லை. ஏழெட்டு வயசுப் பிள்ளைக்கு இது வேடிக்கை என்று புரியும். மூன்று வயசுக்கு? தம்பி தலையில் கரண்டியால் போட்டுவிட்டு, எழுந்து ஓடுவான் என்று பார்த்துக்கொண்டு நிற்கும்! அதைத் திட்டிப் பயனில்லை. கூடவே உட்கார்ந்து பாருங்கள். "நிஜத்தில் வலிக்கும்டா கண்ணு" என்று சொல்லுங்கள்.

இரண்டு வயசு ஆகும்வரை திரையே வேண்டாம், நாலு வயசுவரை தினம் ஒரு மணி நேரத்துக்குமேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம் (2019).

கார்ட்டூனைக் காட்டிச் சோறு ஊட்டுவதை மட்டும் நான் ஒத்துக்கொள்வதே இல்லை. வயிறு நிறைந்தது பிள்ளைக்கே தெரியாது. அப்புறம் மந்தம் என்று தூக்கிக்கொண்டு வருவீர்கள்.