கத்திரி காய்ந்தால் மழை வருமா?

குமாரபாளையம்



"கத்திரி நன்றாகக் காய்ந்தால்தான் இடிமழை வரும் என்கிறார்களே, அப்படியானால் வெயிலை வைத்தே மழையைச் சொல்லிவிடலாமா?" என்று கேட்டிருந்தாய், தம்பி. பெரியவர்கள் சொல்வதால் மட்டும் ஒரு பேச்சு சரியாகிவிடாது. நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ பதினொன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 20-ஐ ஒட்டி ஒரு முறையும் ஆகஸ்ட் 22-ஐ ஒட்டி இன்னொரு முறையும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. கத்திரி தொடங்கும் மே 4 வாக்கில் அது நம்மைத் தாண்டி, கர்னூல் பக்கம் போய்விடும். கத்திரி எனும் அக்கினி நட்சத்திரம் என்பது சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டி நகரும் நாட்களுக்குப் பஞ்சாங்கம் வைத்த பெயர். வானிலை ஆய்வு மையத்தின் சொல் அல்ல. ஆண்டுதோறும் அதைத் தலைப்புச் செய்தியாக்குவது எதற்கென்று எனக்கு விளங்கவில்லை. ஆகஸ்டிலும் அதே சூரியன், அதே உச்சி. ஆனாலும் ஏப்ரல் காய்ச்சல் அப்போது இல்லை. தென்மேற்குக் காற்றும் மேகமும் நனைந்த மண்ணும் வெயிலை மட்டுப்படுத்துகின்றன. ஆனால் அந்த ஆகஸ்ட், செப்டம்பரிலும் சேலத்தில் பல மாலைகளில் இடிமழை பெய்கிறது. காய்ச்சல் குறைந்த மாதத்திலும் இடிமழை வருகிறது என்றால், மழைக்கு வெயில் மட்டுமே காரணம் என்று எப்படிச் சொல்வது?

வெயில் தேவையே இல்லை என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. தரை சுட்டால்தான் காற்று மேலெழும். ஆனால் எழும் காற்றில் ஈரம் இருக்க வேண்டும். அந்த ஈரம் வங்கக்கடலிலிருந்து தென்கிழக்குக் காற்றோடு வருகிறது. அது மேற்கிலிருந்து வரும் உலர்காற்றைச் சந்திக்கும் இடத்தைத்தான் வானிலை அறிக்கையில் 'காற்றின் திசை மாறுபடும் பகுதி' என்கிறார்கள். வாசிப்பவர்கள் தாண்டிப்போகும் அந்த வரிதான் அறிக்கையின் உயிர். அந்தப் பகுதி ஒரு கோடாக விதர்ப்பாவிலிருந்து கர்நாடகம் வழியாகத் தமிழகத்தின் உள்பகுதிவரை நீண்டால், பிற்பகலில் சேர்வராயன், பர்கூர் மலைகளின் மேல் மேகம் கோபுரம் கட்டி மாலையில் சமவெளிக்கு இறங்கும். 2024 ஏப்ரலை நினைத்துப்பார். ஈரோட்டிலும் கரூர் பரமத்தியிலும் வெப்பம் பல நாள் 40 டிகிரியைத் தாண்டியது, மழை எட்டிப்பார்க்கவில்லை. மே இரண்டாம் வாரத்தில்தான் பெய்யத் தொடங்கியது. "பார்த்தீர்களா, காய்ந்தது, பெய்தது" என்பார்கள். காய்ச்சல் ஏப்ரலிலேயே இருந்ததே! மே மாதத்தில் புதிதாக வந்தது ஈரக்காற்றுதான்.

ஈரம் அரைகுறையாக வரும் நாளைப் பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். மேகத்தின் அடி உயரத்தில் நிற்கும். அதிலிருந்து விழும் துளிகள் கீழே உள்ள வறண்ட காற்றிலேயே ஆவியாகும். மண்பானைத் தண்ணீர் எதனால் குளிர்கிறதோ அதனால்தான் அந்தக் காற்றும் குளிர்கிறது. குளிர்ந்தால் கனக்கும், கனத்தால் விழும், தரையில் மோதினால் நாலாபக்கமும் சீறும். மழை நாலு தூறல்தான்; ஆனால் பவானி, அந்தியூர்ப் பக்கம் குலை தள்ளிய வாழை தோப்போடு சாயும். இங்கே சாயம் போட்டுக் காயப்போட்ட நூல் புழுதியில் புரளும். எனவே "மழை இல்லை, வெறும் காற்றுதான்" என்று அலட்சியமாகச் சொல்லாதே. அந்தக் காற்று மழையின் பிள்ளை.

அடுத்து, உன் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய வரி: "மே மாத வெயிலில் காடு தானே பற்றிக்கொள்ளும்." இதுதான் என்னை எரிச்சல்படுத்தியது. இங்கே பொழுது, காரணம் இரண்டுமே தப்பு. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட தீ மூண்டது 2018 மார்ச் 11 அன்று. தமிழ்க் கணக்கில் மாசி 27. கத்திரிக்கு இன்னும் ஏழெட்டு வாரம் இருந்தது. தையிலும் மாசியிலும் நம் மலைக்காடுகள் இலை உதிர்க்கின்றன, புல் சருகாகிறது, உண்ணிச்செடி விறகாகிறது. கோடை மழை இன்னும் வந்திராது. தொல்காப்பியர் பாலைக்கு வேனிலை வகுத்துவிட்டு, பின்பனியும் அதற்கு உரியது என்கிறார். பின்பனி என்பது மாசியும் பங்குனியும். குளிர் முழுதும் விலகாத காலத்தைப் பாலைக்குக் கொடுப்பானேன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். அவருக்கு அது தலைவன் பிரியும் பொழுது. நானோ அதைக் காடு காய்ந்து கிடக்கும் பொழுதாகவும் வாசித்துக்கொள்கிறேன். தமிழாசிரியர்கள் ஒப்பமாட்டார்கள், போகட்டும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தால் பாலையாகும் என்று இளங்கோவடிகள் சொல்வதை மார்ச் மாதத்துப் பாலமலையைப் பார்த்தபடி படித்தால் வேறு உரை வேண்டியதில்லை. மின்னல் தீ வைக்காதா என்று கேட்பாய். கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வைக்கிறது. இங்கே இடி பெருகும் நாளில் பெரும்பாலும் மழையும் கூடவே வந்துவிடுகிறது. நம் காட்டுத்தீயில் மிகப் பெரும்பகுதி மனிதக் கையால் மூள்வது: அணையாத பீடி, புதுப்புல் முளைக்க வேண்டி வைக்கும் நெருப்பு, சமைத்துவிட்டு அப்படியே விட்டுப்போன அடுப்பு. 40 டிகிரி வெயிலில் சருகு தானாகப் பற்றாது, கண்ணு.

கடைசியாக, வானிலை அறிக்கை பொய்த்தது என்ற உன் புகார். 'ஓரிரு இடங்களில்' என்றால், அந்தப் பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு மிகாமல் மழை பதிவாகும் என்று பொருள். 'ஒரு சில இடங்களில்' என்றால் கால்பங்குக்கு மேல், பாதிவரை. ஓர் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலந்தான். காவிரிக்கு அந்தப் பக்கம் பவானி நனைந்து, இந்தப் பக்கம் நம் தெரு காய்ந்து கிடந்தாலும் அந்த அறிக்கை சரியானதே. அடுத்த சித்திரையில் வெப்பமானியை மட்டும் பார்க்காதே. காலையில் காற்று கிழக்கிலிருந்து பிசுபிசுப்பாக வருகிறதா, மேற்கிலிருந்து உலர்ந்து வருகிறதா என்று பத்து நாள் குறித்து, மாலையில் என்ன நடந்தது என்பதையும் பக்கத்தில் எழுதி அனுப்பு.